மெடிக்கல் படிவத்தில் இழுப்பை எழுதலாமா?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். தங்கச்சிக்குப் பேராதனையில் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. பதிவுக்குக் கொண்டுபோக வேண்டிய கடதாசிகளோடு மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஒன்றும் இருக்கிறது. தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு, அதாவது ஆஸ்துமா. அதை எழுதினால் கிடைத்த இடம் போய்விடும், எழுதாதே என்கிறார் அம்மா. எழுதத்தான் வேண்டுமா? கெம்பஸ் மருத்துவ நிலையம் என்பது யாரை நினைத்து வந்தது, நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு அங்கே என்ன கிடைக்கும்? இவைதான் கேள்விகள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதச் சொல்லுங்கள். உயர்தரப் புள்ளியால் கிடைத்த கலைப்பீட இடத்தை இழுப்பு பறித்துவிடாது. எழுதாமல் போய், ஒரு நாள் ஹொஸ்டலில் நடுராத்திரி மூச்சு முட்டினால்தான் ஆபத்து. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் தெரியாது, மருத்துவ நிலையத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

ஆனால் அம்மாவின் பயத்தை விளங்காத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம்முடைய ஆட்களுக்கு மருத்துவப் பரிசோதனை என்பது எப்படி அறிமுகமானது என்று யோசித்துப் பாருங்கள். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நம் பாட்டன் பூட்டன்மாரை, இந்தியக் கரையில் இருந்த மண்டபம் கேம்ப்பில் நாட்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். அம்மை குத்தினார்கள், காலரா இல்லை என்று நிச்சயமான பிறகுதான் கப்பலேற விட்டார்கள். தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் அடித்த தகரத் துண்டு ஒன்று கழுத்தில் தொங்கும். டின் டிக்கட் என்பார்கள். அந்தப் பரிசோதனை அவர்களைக் காப்பாற்ற வந்ததல்ல, அவர்களிடமிருந்து இந்த நாட்டைக் காப்பாற்ற வந்தது. உடம்பு சரியில்லாதவர் மறிக்கப்பட்டார், சரியானவர் வேலைக்கு அனுப்பப்பட்டார்.

தோட்டத்துக்குள் வைத்தியம் வந்த கதையும் இதற்குத் தூரமில்லை. கோப்பிக் காலத்தில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, 1872இல் தோட்டத் தொழிலாளர் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1912இல் அதைப் புதுப்பித்தார்கள். டிஸ்பென்சரி வந்தது, டொக்டர் ஐயா வந்தார். நல்ல மனிதர்கள் பலர் அந்த வேலையைச் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரேதான். அவர் துண்டு கொடுத்தால்தான் லீவு. மிக்சருக்குப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போதே, இவர் நம்புவாரா மாட்டாரா என்ற யோசனைதான் மனதில் ஓடும். மூன்று நான்கு தலைமுறை அப்படி நின்ற குடும்பத்தில் ஒரு அம்மா, வருத்தத்தை எழுதாதே என்று சொல்வது ஆச்சரியமா?

இனி, கல்லூரி மருத்துவ சேவை எங்கே, எதற்குத் தொடங்கியது என்ற கதைக்கு வருகிறேன். அதன் தொடக்கம் என்று பெரும்பாலும் காட்டப்படுவது அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி. 1850களில் அங்கே படிக்கிற பையன்கள் அடிக்கடி நோயில் விழுந்தார்கள். உடல் நலத்துக்கென்று ஒரு துறை வேண்டும் என்று கல்லூரித் தலைவர் ஸ்டேர்ன்ஸ் பிடிவாதமாக நின்றார். 1861இல் எட்வர்ட் ஹிச்கொக் என்ற டொக்டர் அந்தப் பொறுப்பை ஏற்று, 1911இல் சாகும்வரை 50 வருடம் அதே வேலையைச் செய்தார். பையன்களுக்கு உடற்பயிற்சி, சுகாதாரப் பாடம், நோய் வந்தால் கவனிப்பு. அதோடு ஒவ்வொருவரின் உயரம், எடை, நெஞ்சுச் சுற்றளவு எல்லாவற்றையும் விடாமல் அளந்து குறித்துவைத்தார். அக்கறையோடு செய்த வேலைதான். ஆனால் அவர் அளந்தது யாரை? கிட்டத்தட்ட எல்லாருமே வசதியான குடும்பத்து வெள்ளைக்கார ஆண்பிள்ளைகள். மாணவனின் உடம்பு என்றால் அந்த உடம்புதான் என்று அளவு நின்றுவிட்டது. பிறகு வந்த எல்லாரும் அந்த அளவோடு மோதித்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

முதலில் மோதியவர்கள் பெண்கள். 1873இல் எட்வர்ட் கிளார்க் என்ற ஹார்வர்ட் டொக்டர், பெண்பிள்ளைகள் பையன்களைப் போலப் படித்தால் ரத்தமெல்லாம் மூளைக்குப் போய்க் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று புத்தகமே எழுதினார். படித்தவர் சொன்னதால் ஊர் நம்பியது. பட்டம் பெற்ற பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து, படித்து முடித்த பெண்களுக்குக் கேள்விக்கொத்து அனுப்பினார்கள். 700க்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். 1885இல் முடிவு வெளிவந்தது: படிப்பால் அவர்கள் உடம்பு கெடவில்லை. வாசர் போன்ற பெண்கள் கல்லூரிகள் ஆரம்ப காலத்திலேயே பெண் டொக்டரை வளாகத்தில் தங்கவைத்ததும் இந்தச் சூழலில்தான். உன் உடம்பு படிப்புக்கு ஒத்துவராது என்று சொன்னவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

அதற்குப் பிறகு சேவை பெருகியதற்குத் தொற்றுநோய்கள் ஒரு பெரிய காரணம். 1903இல் கோர்னெல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் தண்ணீர் கெட்டு டைபாய்ட் பரவி 29 மாணவர்கள் இறந்தார்கள். 1906இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், மாணவரிடம் சிறு தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு முழு வைத்தியமும் பார்க்கும் முறை வந்தது. 1910இல் பிரின்ஸ்டனில் மன நலத்துக்கும் ஆள் வைத்தார்கள். 1920இல் கல்லூரி மருத்துவர்களுக்கென்று நாடளாவிய சங்கமே உருவானது.

கறுப்பின மாணவர்களின் கதை வேறு. தெற்கு மாநிலங்களில் அவர்களை வெள்ளையர் கல்லூரியிலும் சேர்ப்பதில்லை, பல ஆஸ்பத்திரிகளிலும் சேர்ப்பதில்லை. அதனால் அலபாமாவின் டஸ்கீகி கல்லூரி தன் வளாகத்திலேயே ஆஸ்பத்திரி கட்டியது. 1913இல் திறந்த அந்தப் பெரிய கட்டடம் மாணவர்களோடு சுற்றுப்புற ஏழைச் சனங்களையும் பார்த்தது. சோகம் என்னவென்றால், 1932இலிருந்து 1972வரை அரசாங்கச் சுகாதாரத் துறை நடத்திய, சிபிலிஸ் என்ற பாலியல் நோய் பற்றிய ஆய்வுக்கும் அந்த ஆஸ்பத்திரி பயன்பட்டது. சுமார் 600 கறுப்பின ஆண்கள். அதில் 400 பேரளவில் நோயாளிகள். பெனிசிலின் வந்த பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டொக்டரை நம்பாத ஒரு சமூகத்தைக் கண்டால் நான் அவசரப்பட்டுக் கோபிக்காததற்கு இப்படியான கதைகள்தான் காரணம்.

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எட் ராபர்ட்ஸ். 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே அசைவு போனவர். மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்ற உருளைப் பெட்டி வேண்டும், இரவில் அதற்குள்தான் தூக்கம். பெட்டியின் எடை 300 கிலோவுக்கு மேல். 1962இல் பெர்க்லியில் படிக்க வந்தபோது எந்த விடுதித் தளமும் அந்தப் பாரத்தைத் தாங்காது. அப்போது வளாக மாணவர் ஆஸ்பத்திரியான கவெலின் பொறுப்பிலிருந்த டொக்டர், எங்கள் வார்டில் தங்கட்டும் என்றார். நோயாளியாக இல்லை, குடியிருக்கும் மாணவனாக. ஒருவர் தங்கியதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். 60களின் முடிவில் சக்கர நாற்காலி மாணவர்கள் ஒரு கூட்டமாகவே அந்த மாடியில் இருந்தார்கள். ராத்திரியில் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பேசி, தங்களுக்கு என்ன வேண்டும் என்று தாங்களே பட்டியல் போட்டார்கள்: உதவிக்கு ஆள், உடைந்த நாற்காலியைத் திருத்த இடம், படியில்லாத வாசல். 1970இல் பல்கலைக்கழகத்திலேயே அதற்கென்று ஒரு திட்டம், 1972இல் வெளியே ஊருக்கும் ஒரு நிலையம். ஆஸ்பத்திரி மாடி ஒன்று மாற்றுத்திறனாளிகளின் உரிமை இயக்கம் ஒன்றின் தொட்டிலானது அப்படித்தான்.

சரி, நம் பக்கம் வருவோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் 904 மாணவர்களோடு ஆரம்பித்தது. ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தர். 1952இல் பேராதனைக்கு வந்தபோது அவர் மனதில் இருந்தது விடுதிப் பல்கலைக்கழகம்: எல்லா மாணவரும் உள்ளேயே தங்குவார்கள், சாப்பிடுவார்கள், நோய் வந்தால் உள்ளேயே பார்ப்பார்கள். அருணாசலம், ராமநாதன், ஜயதிலக்க என்று விடுதிகள் எழுந்தன. அந்தக் கட்டடங்களுக்குள் நினைத்துவைத்திருந்த மாணவர் ஆங்கிலம் பேசுவார், பெரிய கல்லூரியில் படித்து வந்திருப்பார், பல்லும் கண்ணும் வீட்டிலேயே பார்க்கப்பட்டிருக்கும். 1960களில் சிங்களத்திலும் தமிழிலும் படித்த கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தபோது அந்த நினைப்பு நொறுங்கியது. ஒரு அறையில் இரண்டு பேர், மூன்று பேர். விடுதி மெஸ்ஸில்தான் முதன்முறை மூன்று வேளை சாப்பாடு கண்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்திலும் தோட்டத்துப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். பாடசாலைகளை அரசாங்கம் எடுத்ததே 1970களில். இன்றைக்குப் பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான பாடநெறிகளுக்கு, 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பதால் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. உங்கள் தங்கச்சி அந்தக் கதவால் வந்திருந்தாலும் சரி, நேரே திறமைப் புள்ளியால் வந்திருந்தாலும் சரி, அவளோடு கூடவே வரும் ஒன்றைப் பற்றி மருத்துவ நிலையம் யோசித்தாக வேண்டும். 2006-07இல் வட மாகாணம் தவிர்த்து நாடு முழுவதும் நடந்த குடித்தொகைச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் மொத்தமாக 100க்கு 17, 18 பேரளவில். தோட்டப்புறத்தில் மட்டும் 100க்கு 40. அன்று ஐந்து வயதுக்குள் இருந்த பிள்ளைகள்தான் இப்போது கெம்பஸ் வாசலில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே படிவம்தான். அதை நிரப்பும் உடம்புகளுக்குப் பின்னால் இருக்கும் கதை ஒன்றல்ல.

என் கதையையும் சொல்கிறேன். நான் படித்தது 80களின் கடைசியில், எங்கே என்பது வேண்டாம். முதலாம் வருடம் எனக்கு மாதவிலக்கில் ரத்தம் நிற்காமல் போகும். தோட்டத்து லயன் வீட்டில் அம்மாவிடம் சொன்னால் வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார். கெம்பஸில் யாரிடம் சொல்வது? ஒரு நாள் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். டொக்டர் சிங்களத்தில் கேட்டார். என் சிங்களம் சந்தைக்குப் போதும், இதற்குப் போதாது. வரிசையில் நின்ற எங்கள் பிரிவுப் பையன் ஒருவன், நான் சொல்லித் தருகிறேன் அக்கா என்று நல்ல மனதோடு வந்து பக்கத்தில் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பிறகு தலைவலி என்றேன். டொக்டர் பனடோல் எழுதினார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து நூலகப் படியில் மயங்கி விழுந்தேன். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். அன்றைக்கு என்னைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தவர் அங்கே வேலை செய்த கம்பளை அம்மா ஒருவர், முஸ்லிம், நம் தமிழ் பேசுவார். டொக்டரிடம் நீ சொல்ல வேண்டாம் மகள், என்னிடம் சொல் என்று திரையை இழுத்து மூடினார். அவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் டொக்டரிடம் சொன்னார். இரும்புக் குளிசை தந்தபோது, சாப்பாட்டோடு பிளேன்டீ குடிக்காதே, குடித்தால் இரும்பு உடம்பில் சேராது என்று சொன்னவரும் அவர்தான். கொழுந்து பறிக்கிற வீட்டில் பிறந்து மூன்று வேளையும் சோற்றோடு தேயிலைத் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு அதுவரை அதை யாரும் சொன்னதில்லை.

அந்த டொக்டர் கெட்டவர் இல்லை. அந்த அறைக்குள் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை வருவாள், அவளுக்கு ஒரு திரையும் ஒரு மொழியும் வேண்டும் என்று அதை அமைத்தவர்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு நான் ஆசிரிய கலாசாலை ஒன்றில் விடுதிப் பொறுப்பில் இருந்த வருடங்களில், சுகயீனமான பிள்ளையோடு யாரை அனுப்புவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுத்ததே இல்லை. பெண்பிள்ளையோடு பெண், அவள் மொழி தெரிந்த பெண்.

இனி உங்கள் தங்கச்சிக்குத் தேவையானவை. வளாகத்துக்குள்ளேயே மருத்துவ நிலையம் இருக்கிறது, மாணவருக்குக் காசில்லை. பெரிதாக எதுவும் என்றால் பக்கத்திலேயே பேராதனைப் போதனா வைத்தியசாலை. பல்லுக்கும் அங்கேயே தனி ஆஸ்பத்திரி. பரீட்சைக்குப் போக முடியாமல் சுகயீனமானால், வெளியே எடுத்த மெடிக்கலை வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது, பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் குறித்த நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவசரம் என்று தோட்டத்துக்கு ஓடிவந்து டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தாலும், போகும்போது துண்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ரேகிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1997இல் பேராதனையிலேயே, பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவரைக் கடுமையான உடற்பயிற்சி செய்யவைத்து, சிறுநீரகம் செயலிழந்து அவர் இறந்துபோனார். அடுத்த வருடம் ரேகிங்குக்கு எதிரான 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறி வருத்தினால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். அப்படி எதுவும் செய்யவைத்த பிறகு சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் போனால், யார் செய்தது ஏன் செய்தது என்ற பேச்சையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சீனியர்மார் திட்டுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. இழுப்புள்ள பிள்ளைக்கு ஓடவிடுவதும் குதிக்கவிடுவதும் வேறு ஆபத்து. படிவத்தில் எழுதியிருந்தால் அவள் சொல்வதற்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

மனதுக்குச் சரியில்லை என்றால் சிரேஷ்ட மாணவ ஆலோசகர் இருக்கிறார். ராத்திரியில் யாரும் இல்லாதபோது 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தினுடையது, தமிழிலும் பேசலாம். வீட்டை நினைத்து அழுவதை எங்கள் காலத்தில் வருத்தமாகவே யாரும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

முதல் கிழமையிலேயே, வருத்தம் ஒன்றும் இல்லாதபோதே, தங்கச்சியை ஒரு தடவை மருத்துவ நிலையத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் யார், என்ன நேரத்துக்கு இருப்பார், பெண் டொக்டர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுவைக்கட்டும். தமிழில் பேச ஆள் இல்லை என்றால் அதைக் கேட்டு ஒரு கடிதம் கொடுக்கட்டும், தனியாக இல்லாமல் நான்கைந்து பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு. பெர்க்லி ஆஸ்பத்திரி மாடியில் இருந்தவர்களும் பட்டியல் எழுதித்தான் தொடங்கினார்கள். பதில் வராவிட்டால் அடுத்த தவணையும் கொடுக்கட்டும்.

போகும்போது கிளினிக் கொப்பி, இழுப்புக்கு எடுக்கும் பம்ப், கடைசியாக ஆஸ்பத்திரியில் வைத்தபோது தந்த அட்டை, மூன்றும் பையில் இருக்கட்டும். படிவத்தில் முன்பு இருந்த நோய்கள் என்று கேட்கும் இடத்தை அவளே தன் கையால் நிரப்பட்டும். எந்த வயதில் இழுப்பு தொடங்கியது, எந்த மாதத்தில் கூடும், எதைச் சாப்பிட்டால் வரும், புகை பட்டால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.